இவண் இல்லாத சுவரொட்டி

ஆகஸ்ட் 4, திங்கள்

பேருந்து வாசலில் நிற்கவில்லை. நான் ஏற்கெனவே எழுந்து படிக்கட்டருகே போயிருந்தேன். பல்கலைக்கழகத்தின் பெரிய வாசல், காவலாளியின் பச்சை நாற்காலி, வேப்பமரம் எல்லாம் ஒருமுறை பக்கத்தில் வந்து பின்னால் போயின.

"அண்ணே, வாசல் ஸ்டாப்."

"வாசல் ஸ்டாப் இனி கெடையாது. கொளத்தைத் தாண்டித்தான்." நடத்துநர் பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

குளத்தைத் தாண்டி, ராசதுரை காம்ப்ளக்ஸ் முன்னால் இறக்கிவிட்டார்கள். ராசதுரை எங்கள் வார்டு கவுன்சிலர். கட்டிடம் புதிது. ஒரு செல்போன் கடையும் ஒரு பழச்சாறு கடையும் தவிர உள்ளே எதுவும் வரவில்லை. இனி வரும்.

அங்கிருந்து குளக்கரைச் சாலையில் திரும்பி நடந்தோம். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் உடைமரங்கள். கம்பங்கள் உண்டு, விளக்குகள் இல்லை. காலையில் நல்ல நடை. கொக்குகள். ஒரு நாமக்கோழி. மாலை ஏழு மணிக்கு இதே சாலை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பிறகு வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

வீட்டில் சொல்லவில்லை. அப்பா கட்சியில் வட்டச் செயலாளர். எங்கள் வார்டில் கட்சி என்றால் அப்பாதான். ராசதுரையும் அதே கட்சி. வேலையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் எங்கள் வீட்டில் அரசியல் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சிலிண்டர் வந்தது. மோட்டார் ஓடவில்லை. மூன்றாம் பருவக் கட்டுரைக்குத் தலைப்பு இன்னும் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ஜெபக்கனி என் வகுப்பு. விடுதியில் இருக்கிறாள். ஊர் ஆறுமுகநேரி. மாலையில் டவுனில் இரண்டு வீடுகளில் டியூஷன் எடுத்துவிட்டு ஏழரைக்குத் திரும்புவாள். அந்தச் சம்பளத்தில்தான் அவள் படிப்பு ஓடுகிறது.

நேற்றுக் குளக்கரையில் ஒரு பைக் அவள் பின்னாலேயே வந்திருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு, நடக்கிற வேகத்தில்.

"ஓடுனியா?"

"ஓடல. வேகமா நடந்தேன். ஓடுனா சிரிப்பானுவ."

சாதாரணமாகச் சொன்னாள். கையில் இருந்த தேங்காய் பன்னை இரண்டாகப் பிய்த்து எனக்குப் பாதி தந்தாள். நான் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. அதுவே ஒரு மாதிரியாக இருந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர். பொருளியல் ஆய்வு மாணவர் தவசிலிங்கம் எல்லோரையும் அழைத்திருந்தார். தேனிக்காரர். தாடியைத் தடவாமல் ஒரு வாக்கியத்தை முடிக்கமாட்டார்.

நிறுத்தம் மீண்டும் வாசலுக்கு வரவேண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சுவரொட்டி, பிறகு வாசலில் உட்காருவது. இதிலும் இல்லை.

நான்தான் அதைச் சொன்னேன். சுவரொட்டியில் பெயர் வேண்டாம். தலைவர் வேண்டாம், படம் வேண்டாம், சால்வை வேண்டாம். இந்த நகரமே பெயர்களால் மூச்சுத் திணறுகிறது. பெயர் என்பது உடைமை. கோரிக்கை எல்லோருடையதாகவும் இருக்க வேண்டுமானால் அது யாருடையதாகவும் இருக்கக் கூடாது. பேசப் பேச எனக்கே அது மேலும் உண்மையாகிக்கொண்டு வந்தது.

தவசி தாடியை விட்டுவிட்டுக் கைதட்டினார். "இதத்தான்ப்பா நான் மூணு வருசமா தேடிக்கிட்டிருந்தேன்."

ஜெபா மட்டும் கேட்டாள். "பேரே இல்லன்னா கூப்புடுறது யாருன்னு எப்படிட்டி தெரியும்?"

"கோரிக்கைதான் கூப்புடுது."

"சரி. நீ படிச்சவ."

அவளும் அதே வகுப்புதான்.

வீட்டில் அப்பா சட்டைகளுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார். செப்டம்பரில் நேர்காணல். கட்சியில் கவுன்சிலர் சீட்டு கேட்பவர்களை வரிசையாக உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். அப்பா நான் பிறப்பதற்கு முன்பிருந்தே கேட்கிறார். இந்த முறை மேயருக்கு நேரடித் தேர்தலாம், ராசதுரை அதற்கு நிற்கிறார், வார்டு காலியாகிறது. ராசதுரை கைகாட்டும் ஆளுக்குத்தான் சீட்டு. அவர் அப்பாவைத்தான் கைகாட்டுவார் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

இதற்கும் சுவரொட்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

அச்சகம். வாசகம் நான் எழுதியது. "நிறுத்தம் எங்கள் வாசலில். இருட்டில் அல்ல." வெள்ளையில் கறுப்பு எழுத்து. வேறொன்றும் இல்லை.

"இவண்?" என்றார் அச்சகக்காரர்.

எங்கள் ஊரில் எந்தச் சுவரொட்டியிலும் கீழே அந்தச் சொல் இருக்கும். அதற்கடியில் போட்டவர்களின் பெயர்கள், படங்கள், சில சமயம் அவர்கள் பிள்ளைகளின் படங்கள்.

"இவண் கிடையாது."

"மறந்துட்டியளா?"

"வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பாப்பா, கண்ணீர் அஞ்சலிக்கே இவண் உண்டு. செத்தவரு படம் சின்னதா இருக்கும், இவண் படம் பெருசா இருக்கும். அதான் வழக்கம்."

தவசி அவருக்குக் கூட்டுத் தலைமை பற்றி விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்ப கீழ எடத்தைச் சும்மா விட்டுருதேன். பின்னால மனசு மாறுனா எழுதிக்கிடுங்க" என்றார்.

அந்த வெற்று இடம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு மௌனம் மாதிரி இருந்தது. தவசியிடம் சொன்னேன். அவருக்கும் பிடித்திருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடிகிற நேரத்தில் ஒட்டினோம். வாளியில் மைதாப் பசை. முதல் சுவரொட்டி சுருங்கி ஒட்டியது, இரண்டாவது சாய்ந்து, மூன்றாவதிலிருந்து கை பழகிவிட்டது. சந்தோசமாக இருந்தது. வெறும் கையால் ஒரு சுவரைத் தடவிக் கொடுப்பது. சுவர் இரவின் குளிர்ச்சியோடு இருந்தது.

வீட்டுக்கு வந்து நூலகம் போனதாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை. அம்மா இட்லி வைத்தாள். அப்பா இட்லியைப் பிட்டுக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்: "பசையில மயில்துத்தம் கொஞ்சம் கலக்கணும். இல்லன்னா மாடு தின்னுரும்."

எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை. பழைய ஞாபகமாக இருக்கும். அப்பாவுக்கு எதுவும் தெரியாது. நல்லது.

ஆகஸ்ட் 11, திங்கள்

டீக்கடைச் சுவரில் எங்கள் சுவரொட்டி. முன்னால் இரண்டு பேர்.

"யாரு போட்டது?"

"பேரில்லையே. எதிர்க்கட்சியா இருக்கும்."

"அவனுவ பேரில்லாம தும்மக்கூட மாட்டானுவ."

"அப்ப கவர்மெண்டு. ஸ்டாப்ப மாத்திட்டோம்னு அறிவிப்பு."

"அப்படித்தான் இருக்கும்."

டீயை முடித்துவிட்டுப் போனார்கள். வாசகர்களுக்குப் பல வாசிப்புகள். கவனிக்க வேண்டிய விசயம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு சுவரொட்டிகளை மாடு தின்றிருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் ஜெபா என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

நம்முடைய சுவரொட்டிதான். நம்முடைய வாசகம்தான். கீழே, நான் மௌனம் என்று நினைத்த இடத்தில், ஒரு வண்ணத்தாள் ஒட்டியிருந்தது. "இவண்: ராசதுரை, மாமன்ற உறுப்பினர்." கும்பிடுகிற கைகளோடு படம். எல்லாச் சுவரொட்டியிலும். அளவெடுத்து வெட்டியது போலப் பொருந்தியிருந்தது.

தவசி ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தார். "நல்லா ஒட்டியிருக்காய்ங்க" என்றார் கடைசியில்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வாசலில் உட்கார்ந்தோம். முன்பே குறித்த நாளை மாற்ற வேண்டாம் என்று முடிவு.

பதினோரு மணிக்குக் குளத்துக்குப் பின்னால் உள்ள தெருக்களிலிருந்து பெண்கள் வந்தார்கள். ஒரு கணம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர்களில் ஒருத்தி குனிந்து கேட்டாள்: "கவுன்சிலர் எப்பம்மா வாராரு? சாப்பாடு உண்டுல்லா?"

கவுன்சிலரும் வந்தார். வெள்ளைக் கார். நேராக நடுவில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கேமராக்கள் அவருக்கு முன்பே வந்திருந்தன. "மாணவச் செல்வங்களோடு நானும் ஒருவனாக" என்றார். அமைச்சரிடம் பேசுவேன் என்றார். நிறுத்தத்தை மாற்றியது யார் என்று தவசி கேட்டார். "அதைத்தான் தம்பி நானும் கேக்கேன்" என்றார் ராசதுரை. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு சரளம்.

அப்பா வந்திருந்தார். ராசதுரைக்குப் பின்னால், எப்போதும் நிற்கிற இடத்தில். நான் கடைசி வரிசையில் இருந்தேன். அவர் எல்லோரையும் பார்த்தார், என்னைத் தவிர.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். மிட்டாய். செய்தித்தாளில், "கவுன்சிலர் தலைமையில் மாணவர்கள் போராட்டம்."

ஆகஸ்ட் 16, சனி

விடுதி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே ஜெபா பேசினாள். அவள் கோபமாக இருக்கிறாள் என்பதே எனக்குக் கொஞ்சம் நேரம் கழித்துத்தான் புரிந்தது. ஒவ்வொரு துணியையும் உதறுகிற சத்தம்.

"அடுத்த போஸ்டருல இவண் போடணும்."

"போடலாம். எல்லார் பேரும்."

"எல்லார் பேரும் போடு. ஆறுமுகநேரி ஜெபக்கனிய இங்க எவனுக்குட்டி தெரியும்? தவசி தேனி. படிப்பு முடிஞ்சா நாங்க பொட்டியத் தூக்கிட்டுப் போறவிய. இந்த ஊருல இருக்கவ நீ ஒருத்திதான். ஒன் பேரப் போட்டா தெருவே நின்னு படிக்கும். வட்டம் சொரிமுத்து பொண்ணுன்னு படிக்கும்."

நான் ஒரு கிளிப்பைக் கொடியில் மாட்டினேன். அதில் துணி இல்லை.

"வெறும் இளவேனில்னு போட்டாப் போதாதா?" என்றேன். "இனிஷியல் இல்லாம."

ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

ஜெபா வாளியைக் கீழே வைத்தாள். "ஒங்கப்பாவுக்கு சீட்டு. அது எனக்குப் புரியாமலா இருக்கு? ஆனா நேத்தும் நான் அந்த ரோட்டுலதான் வந்தேன், கேட்டியா. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. உடைமை கிடைமைன்னு சொல்லாத."

பிறகு நாங்கள் இருவரும் போர்வையை முறுக்கிப் பிழிந்தோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. போர்வைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாதம் ஒருமுறை மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவுவது அப்பாவும் நானும். அவர் கறுப்புத் தொட்டிக்குள் இறங்கித் தேய்ப்பார். நான் வெளியே நின்று சோப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் ஊற்றுவேன். தொட்டிக்குள் இறங்கிவிட்டால் அவர் முகம் தெரியாது. குரல் மட்டும் பெரிதாக வரும்.

"யப்பா."

"உம்."

"நாளைக்கு ஒரு போஸ்டர் வருது. அதுல என் பேரு இருக்கு."

தேய்க்கிற சத்தம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

"என்னன்னு போடுதாவ?"

"இவண்னு."

"அது தெரியும். பேர எப்படிப் போடுதாவ?"

"இளவேனில்னு."

"வெறும் இளவேனிலா?"

நான் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். தொட்டியின் வாய் வழியாக அவர் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. நடுவில் முடி மெலிந்திருக்கிறது. மேலிருந்து நான் பார்த்ததே இல்லை.

"வெறும் பேரு போட்டா எவளோ ஒருத்தின்னு நெனச்சுட்டுப் போயிருவானுவ. முன்னால இனிஷியலு சொன்னாவைச் சேத்துப் போடச் சொல்லு."

"யப்பா, நேர்காணல்…"

"தண்ணிய ஊத்துட்டி. சோப்பு காயுது."

ஊற்றினேன். அவர் தலையிலும் விழுந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி தேய்த்தார். நான் இன்னொரு வாளி எடுத்துவரப் போனேன்.

கீழேயிருந்து அம்மா கத்தினாள்: "தொட்டிக்குள்ள என்ன மாநாடு நடக்கு? இன்னும் எம்புட்டு நேரம்?"

என் பெயர் ஒரு மேடையில் வைக்கப்பட்டது. அந்தக் காலத்தில் கட்சிக்காரர்கள் பிள்ளைகளைத் தலைவர் கையில் கொடுத்துப் பெயர் வைக்கச் சொல்வார்கள். நான் ஒலிவாங்கிக்குள் அழுதேனாம். கூட்டம் கைதட்டியதாம். யோசித்துப் பார்த்தால் என் பெயரில் எனக்கு உரிமையான பகுதி எது என்று தெரியவில்லை. இளவேனில் கட்சி கொடுத்தது. முன்னால் நிற்கும் சொ. மட்டும்தான் வீட்டில் கொடுத்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

புதிய சுவரொட்டி. வாசகம் பழையது. கீழே வெற்று இடம் இல்லை.

"இவண்: சொ. இளவேனில், தெற்குத் தெரு." அடுத்து ஜெபக்கனி, தவசிலிங்கம், மற்ற எல்லோரும், ஊரோடு. அச்சகக்காரர் திருப்தியாக இருந்தார். "இப்பத்தான் போஸ்டர் மாதிரி இருக்கு."

பசையில் மயில்துத்தம் கலந்தோம்.

மாலையில் அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எழுத்து பொடிசு. பஸ்ஸுல போறவனுக்குத் தெரியாது" என்றார்.

"பஸ்ஸு நின்னாத்தான படிக்க" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

அவ்வளவுதான். மூவரும் தொலைக்காட்சி பார்த்தோம்.

ஆகஸ்ட் 20, புதன்

வாசலில் மீண்டும் உட்கார்ந்தோம். குளத்துக்குப் பின்னால் இருந்து அதே பெண்கள். இந்த முறை யாரும் சாப்பாடு பற்றிக் கேட்கவில்லை, அவர்களே கொண்டு வந்திருந்தார்கள்.

"ஏட்டி, நீ சண்முகவடிவு மவதான? ஒம்பேரப் பாத்துட்டுத்தான் வந்தோம். அன்னைக்கே சொல்லக் கூடாதா, உங்க போராட்டம்னு?" என்றாள் ஒருத்தி. சண்முகவடிவு என் அம்மா.

அவர்களில் பாதிப் பேர் ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கிறார்கள். கடை அடைத்துவிட்டு வந்து இப்போது காம்ப்ளக்ஸ் முன்னால் இறங்கி, இருட்டில் குளக்கரையில் நடந்துதான் வீட்டுக்கு வருகிறார்கள். எங்களை விட அவர்களுக்குத்தான் நிறுத்தம் வேண்டும். இது எங்களுக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வாசல் என்று எழுதியிருந்தோம்.

ஒருத்தி தவசியிடம் கேட்டாள், "தம்பி, தாடி என்ன, வேண்டுதலா?"

தவசி தாடியிலிருந்து கையை எடுத்தார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சாப்பிடும்போது அப்பாவின் கைபேசி. ராசதுரை.

"சொல்லுங்க அண்ணாச்சி… ஆமா அண்ணாச்சி… எம் மவதான் அண்ணாச்சி… இல்ல, சொல்லலை அண்ணாச்சி… படிச்ச பிள்ளைட்ட என்னத்தச் சொல்ல…"

ராசதுரை பேசினால் அப்பா எப்போதும் எழுந்து நிற்பார். இன்றும் நின்றார். அந்தப் பக்கம் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அப்பா குனிந்து தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துக் கடித்தார். அந்தச் சத்தம் அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

அம்மா அவர் தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

வாசலில் உட்கார்ந்து நாலாவது நாள். பேருந்துப் பணிமனையிலிருந்து அதிகாரி வந்தார். ஜவுளிக்கடைப் பெண்கள் அவரைச் சுற்றி நின்றுகொண்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். இரண்டு இடத்திலும் நிற்கும். வெள்ளிக்கிழமை முதல்.

ஜெபா அழுதாள் என்று எழுத நினைத்தேன். அழவில்லை. "எனக்குத் தூக்கம் வருது" என்று சொல்லிவிட்டு விடுதிக்குப் போய்விட்டாள்.

மாலைக்குள் ஊரெல்லாம் புதுப் பதாகைகள். "வாசல் நிறுத்தம் மீட்ட வாகையே! நன்றி! நன்றி! நன்றி!" ராசதுரை. வெள்ளிக்கிழமை விழா. பேருந்தை அவர் கொடியசைத்து வரவேற்பாராம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

விழாவுக்குப் போவதா வேண்டாமா என்று இரண்டு நாள் விவாதம். விருந்தினராகப் போகக் கூடாது, பயணிகளாகப் போகலாம் என்று முடிவு. தவசியின் யோசனை. நல்ல யோசனை. வேப்பமரத்தடியில் பையோடு நின்றோம்.

சாமியானா. கூம்பு ஒலிபெருக்கி. மேடையில் நாற்காலிகள். வரவேற்புரை வட்டச் செயலாளருடையது என்பதால் அப்பா ஒலிவாங்கி முன்னால் வந்தார். கஞ்சி போட்ட சட்டை. கையில் தாள் எதுவும் இல்லை.

பெயர்களை அந்தந்த வரிசையில் சொல்ல வேண்டும், மாறினால் சண்டை வரும். மாவட்டம் அவர்களே, மாநகரம் அவர்களே, பகுதி அவர்களே. பத்துப் பெயருக்கு மேல். கடைசியில், "விழா நாயகர், மாமன்ற உறுப்பினர், அண்ணன் ராசதுரை அவர்களே." கைதட்டல். இதற்கு அடுத்தது தாய்மார்களே, பெரியோர்களே. எல்லா மேடையிலும் அப்படித்தான்.

அப்பா மூச்சு வாங்கினார்.

"இந்த நிறுத்தத்துக்காக இந்த வாசலில் வெயிலில் உட்கார்ந்த, ஆறுமுகநேரி ஜெபக்கனி அவர்களே. தேனி தவசிலிங்கம் அவர்களே."

ஒவ்வொரு பெயராகச் சொன்னார், ஊரோடு. அவசரமே இல்லை. சுவரொட்டியில் இருந்த அதே பெயர்கள். ராசதுரை கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அப்படியே இருந்தது, கண்கள் மட்டும் அப்பா பக்கம் திரும்பின. பின்னாலிருந்து ஒருவர் அப்பாவின் சட்டையை மெதுவாக இழுத்தார்.

"தெற்குத் தெரு சொ. இளவேனில் அவர்களே."

அதன் பிறகுதான் தாய்மார்களே.

ஜவுளிக்கடைப் பெண்கள் கை தட்டினார்கள். நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டையில் எறும்புகள் ஒழுங்காக மேலே போய்க்கொண்டிருந்தன. ஜெபா என் விலாவில் இடித்தாள்.

"ஏட்டி அவர்களே, பஸ்ஸு வருது."

நின்றது. ஏறினோம். எங்களுக்குப் போவதற்கு எந்த இடமும் இல்லை. ஜங்ஷன் வரை போய் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு, அதே பேருந்தில் திரும்பி வந்து வாசலில் இறங்கினோம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கட்டுரைத் தலைப்பு கிடைத்துவிட்டது. நகரச் சுவரொட்டிகளில் பெயரிடும் வழக்கம். வழிகாட்டி சிரித்தார், ஆனால் சரி என்றார்.

செப்டம்பர் 5, வெள்ளி

நேர்காணல். அப்பா காலையில் போய் மதியமே வந்துவிட்டார். மற்றவர்களுக்கு மாலை வரை ஆனதாம்.

அம்மாவிடம் அவர் சொன்னது: "உம்ம மவளயே உம்மால நிறுத்த முடியல, வார்ட எப்படிவே பாத்துக்கிடுவேருன்னு கேட்டாவ. வார்டுல பாதிப் பேரு அவ பின்னாலதான் உக்காந்திருந்தாவன்னு சொன்னேன்."

டீக்கடையில் தவசி கேள்விப்பட்டது: அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

இரண்டில் எது என்று நான் கேட்கப்போவதில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

மழை. ஜெபா ஏழரைக்கு வாசலில் இறங்கி, நனையாமல் விடுதிக்குள் ஓடிவிட்டதாகக் குறுஞ்செய்தி. "ஓடுனேன். சும்மா."

செப்டம்பர் 14, ஞாயிறு

வேட்பாளர் பட்டியல் வந்தது. எங்கள் வார்டுக்கு ராசதுரையின் மைத்துனர்.

அப்பாவுக்கு மதியமே தெரிந்திருக்கிறது. கட்சி அலுவலகத்தில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்துவிட்டு, மைத்துனருக்குச் சால்வை போட்டுவிட்டு, இருட்டுவதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். குளித்தார். லுங்கி கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அம்மா தோசை சுட்டுக்கொண்டே இருந்தாள், அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"சீட்டுக் கெடைக்கலன்னா இப்படியா பசிக்கும்?" என்றாள் அம்மா. "கெடைச்சிருந்தா என் மாவு மிஞ்சியிருக்கும்."

அப்பா சிரித்தார். சத்தமாக இல்லை. ஆனால் தோள் குலுங்கியது. நான் சட்னிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்க நினைத்தது வேறு. வாயில் வந்தது இது.

"அந்த மச்சினனுக்கா வீடு வீடாப் போய் ஓட்டுக் கேக்கப் போறிய?"

அம்மாவின் கரண்டி கல்லின்மேல் நின்றது. இந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி.

அப்பா தோசையை மென்று விழுங்கினார். "மச்சினனுக்குக் கேக்க மாட்டேன். கட்சிக்குக் கேப்பேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ரெண்டும் ஒண்ணா? நீ என்னத்தப் படிக்க? ஆளு இன்னைக்கு வருவான் நாளைக்குப் போவான். கட்சின்னு ஒண்ணு இல்லாம எந்த ஆபீஸ்ல ஏற முடியும்?"

"நாங்க ஏறுனோமே."

"நீங்க எங்க ஏறுனிய? வாசல்ல உக்காந்திய. எங்க ஆளு வந்து உக்காந்த பெறவுதான் பேப்பர்லயே வந்துச்சு."

"அவரு வந்து உக்காந்ததாலதான் ரெண்டு வாரம் போச்சு!"

"பேரு போடாம போஸ்டர் ஒட்டுனது யாரு? நானா?"

"அது தத்துவம்."

"அது கோட்டி, கிறுக்கு. தத்துவமாம்."

நான் எழுந்துவிட்டேன். அவரும் எழுந்துவிட்டார். எச்சில் கையோடு எதிரெதிரே நின்று கத்திக்கொண்டிருந்தோம். உட்கட்சித் தேர்தல் என்றேன். உனக்கு எத்தனை ஓட்டு விழும் என்றார். ஜவுளிக்கடைப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள் என்றேன். அதில் பாதிப் பேருக்கு ரேஷன் கார்டு வாங்கிக் கொடுத்ததே நான்தான் என்றார். அப்படியானால் ஏன் அவர்களையே தேர்தலில் நிறுத்தக் கூடாது என்றேன். அவர் இடது கையால் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பிறகு பதில் வந்தது, முன்னைவிடச் சத்தமாக.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து சன்னலைச் சாத்தினாள். "ரெண்டு பேரும் மெல்லப் பேசுங்க. பக்கத்து வீடு எதிர்க்கட்சி."

சொல்லிவிட்டுப் போகவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். தட்டில் அவளுக்கான தோசையை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

அப்பா இப்போது உறங்கிவிட்டார். குறட்டை இங்கே கேட்கிறது. அவர் சொன்னதில் முக்கால்வாசி தவறு. நாளை காலை காபி வந்ததும் முதல் பாயிண்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.